ஈஸ்டும் அதன் மைட்டோகாண்ட்ரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்ட் செய்முறை வகுப்புகளில் உதவிக்கு நிற்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. வருஷா வருஷம் முகங்கள் மாறும், சந்தேகங்கள் மாறாது. வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் தட்டித் தட்டி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இங்கே ஈஸ்ட் என்றால் பேக்கரி ஈஸ்ட், அதாவது சாக்கரோமைசஸ் செரிவிசியே. மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லுக்குள் இருந்து, உணவை ஆக்சிஜனோடு எரித்து (அதுதான் செல்லின் சுவாசம்) ஆற்றல் எடுக்கும் உறுப்பு; அதற்கு வெளிச்சவ்வு, உள்சவ்வு என்று இரண்டு சவ்வு. வேறு இனம் வந்தால் பெயர் சொல்லிவிடுவேன்.

1. ஈஸ்ட் ஒத்தை செல்தானே அக்கா, அதுக்குப் போய் மைட்டோகாண்ட்ரியாவா? அது பாக்டீரியா மாதிரி இல்லையா?

இல்லை. ஈஸ்ட் ஒரு பூஞ்சை. ஒற்றைச் செல்லாக வாழ்ந்தாலும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் (செல்லுக்குள் பரவிய சவ்வு வலை) எல்லாம் அதற்குள் உண்டு. செல் அமைப்பில் அது நமக்குத்தான் உறவு, தயிரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இல்லை. குறுக்களவு சுமார் 5 மைக்ரான். சர்க்கரை நிறைந்த ஊடகத்தில் 30 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

அது நடுவில் பிளந்து இரண்டாவது கிடையாது. உடம்பில் ஒரு மொட்டு முளைக்கும், வளரும், பிரிந்து போகும். பெரியது தாய், சின்னது மகள். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த மொட்டால் வந்தவை.

2. புத்தகத்துல அவரைக்கொட்டை மாதிரி படம் போட்டிருக்கு. நீங்க வலை, குழாய்னு சொல்றீங்க. எது சரி?

ஈஸ்டைப் பொறுத்தவரை வலைதான் சரி. இடியாப்பத்தைக் கத்தியால் குறுக்கே நறுக்கி வெட்டுமுகத்தை மட்டும் பாருங்கள். வட்டமும் நீள்வட்டமுமாகப் புள்ளிகள்தான் தெரியும். இழை இழையாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு செல்லை மிக மெல்லிய சீவலாக வெட்டினால் இதே கதைதான். 1973-இல் ஹாஃப்மன், ஏவர்ஸ் என்ற இருவர் ஒரு ஈஸ்ட் செல்லின் சீவல்களை ஒன்று விடாமல் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். தனித்தனிக் கொட்டையாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே கிளைவிட்ட பெரிய மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகளாக இருந்தன.

இப்போது அவ்வளவு பாடு வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் பச்சை ஒளிர்புரதத்தை செல்லில் வைத்துவிட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சத்தம் போட்டுவிடுவார்கள். செல்லின் ஓரத்தை ஒட்டி, பந்தைச் சுற்றிக் கட்டிய நூல் மாதிரி பச்சைக் குழாய்கள் ஓடும். கண் முன்னாலேயே ஒரு நுனி நீளும், இன்னொன்றின் இடுப்பில் போய் ஒட்டும், வேறு இடத்தில் அறுந்துகொள்ளும். குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது வலை மெலிந்திருக்கும். கிளிசராலில் வளர்த்தால் அடர்ந்துவிடும், ஏனென்றால் கிளிசராலைச் சாப்பிட சுவாசித்தே ஆக வேண்டும்.

3. ஒட்டுறதும் அறுறதும் சும்மா தற்செயலா நடக்குதா, இல்ல அதுக்கு ஆள் இருக்கா?

ஆள் இருக்கிறது. ஒட்டுவதற்கு முக்கியமாக மூன்று புரதங்கள்: வெளிச்சவ்வை இணைக்க எஃப்இசட்ஓ1, உள்சவ்வை இணைக்க எம்ஜிஎம்1, இரண்டுக்கும் நடுவில் நின்று சேர்க்க யூஜிஓ1. அறுப்பதற்கு டிஎன்எம்1. இது சுருளாகக் குழாயைச் சுற்றிக்கொண்டு இறுக்கும், முறுக்குக் கயிறு போட்டு இறுக்குவது போல. அதை வெளிச்சவ்வில் பிடித்து உட்கார வைக்க எஃப்ஐஎஸ்1, எம்டிவி1 என்று இரண்டு துணை ஆட்கள்.

எஃப்இசட்ஓ என்பது 'பஞ்சு பஞ்சான வெங்காயம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இதே குடும்பப் புரதத்தை 1997-இல் முதலில் கண்டது பழ ஈக்களின் விந்துச் செல்களில்தான். அங்கே மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெட்டிய வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சுருண்டுகொள்ளும். மரபணு கெட்ட ஈயில் அந்த வெங்காயம் சரியாக உருவாகாமல் கலைந்து தெரிந்ததால் இந்தப் பெயர். அடுத்த வருடமே ஈஸ்டிலும் வேலை நிரூபணமானது.

4. ஒட்டுறதை நிறுத்திட்டா என்ன ஆகும்? ரெண்டையும் சேர்த்து நிறுத்திட்டா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எஃப்இசட்ஓ1 மரபணுவை நீக்கினால் ஒட்டுவது நின்றுபோகும், அறுப்பது மட்டும் தொடரும். வலை சிறு சிறு துணுக்குகளாகிவிடும். அதோடு அந்தச் செல்கள் தங்கள் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவையும், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் தனி டிஎன்ஏவையும், இழந்துவிடும். டிஎன்எம்1-ஐ மட்டும் நீக்கினால் நேர் எதிர். அறுப்பு நின்று, எல்லாக் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பக்கமாகக் குவிந்த மீன்வலை மாதிரி ஆகிவிடும். ஆனால் டிஎன்ஏ போகாது.

இரண்டையும் ஒன்றாக நீக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றுதான் எல்லோரும் கை தூக்குவார்கள். ஆகாது. குழாய் வடிவம் பெருமளவு திரும்பிவிடும், டிஎன்ஏவும் தங்கும், செல் கிளிசராலில் வளரும். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போய்விட்ட வீடு மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். வடிவம் என்பது இரண்டு வேலைகளுக்கு இடையே உள்ள சமன் என்பதும், வடிவம் குலைந்தால் டிஎன்ஏ கையை விட்டுப் போகும் என்பதும் இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடுகிறது. ஒழுங்கு, பரம்பரை என்று பாடத்திட்டத்தில் இரண்டு தலைப்பாகப் பிரித்திருப்பது எனக்கு ஒப்பவே இல்லை.

5. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ எதுக்கு? எல்லாத்தையும் உட்கருவிலேயே வச்சிருக்கலாமே?

கிட்டத்தட்ட எல்லாம் உட்கருவில்தான் இருக்கிறது. ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் ஏறக்குறைய 900 வகைப் புரதங்கள் உண்டு. அதன் சொந்த டிஎன்ஏ தருவது அவற்றில் முக்கியமாக எட்டைத்தான். சுவாசச் சங்கிலிக்கு (உள்சவ்வில் சுவாசத்தை நடத்தும் புரத வரிசை) நான்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கும் இயந்திரத்துக்கு மூன்று, உள்ளேயிருந்து புரதம் கோக்கும் ரைபோசோமுக்கு ஒன்று. இவற்றோடு புரதம் தயாரிக்கத் தேவையான ஆர்என்ஏக்கள். மற்றவை வெளியே தயாராகி இறக்குமதி ஆகின்றன. முதல்முதலில் ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் டிஎன்ஏ இருப்பதை வேதியியல் முறையில் காட்டியது வியன்னாவில் காட்ஃப்ரீட் ஷாட்ஸ் குழு, 1964-இல்.

மனிதருடையதோடு ஒப்பிட்டால் வேடிக்கை. நம்முடையது 16,569 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்), 13 புரதங்கள். ஆய்வகத்தில் அதிகம் புழங்கும் ஈஸ்ட் வகை ஒன்றில் 85,779 இணைகள், புரதமோ எட்டு. ஐந்து மடங்கு நீளம், விளைச்சல் குறைவு. இடைவெளி நிறைய, இன்ட்ரான்கள் (மரபணுவின் நடுவில் வந்து பிறகு வெட்டி எறியப்படும் துண்டுகள்) நிறைய, ஏ, டி என்ற டிஎன்ஏ எழுத்துகளாகவே நீளும் வெற்றுப் பரப்பும் நிறைய. நம் 13-இல் ஏழு, சுவாசச் சங்கிலியின் முதல் புரதக் கூட்டுக்கானவை. இந்த ஈஸ்டில் அந்தக் கூட்டே கிடையாது.

மிச்சத்தையும் ஏன் உட்கருவுக்கு மாற்றவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், இந்தப் புரதங்களில் பல சவ்வுக்குள்ளேயே புதையும் எண்ணெய்ப்பசைக் குணம் கொண்டவை, வெளியில் செய்து உள்ளே கடத்துவது சிரமம் என்பது. இன்னொரு தடை மொழி. மரபணு மூன்று மூன்று எழுத்தாக, கோடான் கோடானாக, வாசிக்கப்படும்; ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும். உட்கருவில் 'நிறுத்து' என்று பொருள்படும் யுஜிஏ இங்கே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். சி, யு என்று தொடங்கும் நான்கு கோடான்கள் அங்கே லியூசின், இங்கே த்ரியோனின். மரபணுவை அப்படியே தூக்கி அங்கே வைத்தால் தப்பாகத்தான் வாசிக்கப்படும்.

6. ஒரு செல்லுல அந்த டிஎன்ஏ எத்தனை காப்பி இருக்கும்?

பொதுவாக 50-இலிருந்து 100-க்குள். அவை தனித்தனியே மிதப்பதில்லை. ஏபிஎஃப்2 என்ற புரதம் சுற்றிப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும், ஒரு பொட்டலத்துக்குள் ஒன்றோ சிலவோ. இந்தப் பொட்டலத்துக்கு நியூக்ளியாய்டு என்று பெயர். டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி சாயம் போட்டால் நடுவில் ஒரு பெரிய நீல வட்டம் தெரியும், அது உட்கரு. ஓரத்தில் குழாய் நெடுகக் கடுகு தூவியது போல நீலப் பொட்டுகள் தெரியும், அவைதான் இவை. செல் பெரிதானால் காப்பிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூடும் என்று 2023-இல் காட்டியிருக்கிறார்கள்.

7. பெட்டீட், பெட்டீட்னு சொல்றாங்களே, அது தனி இனமா?

இனம் இல்லை, நிலை. பிரெஞ்சு மொழியில் 'சின்னது'. 1940-களின் இறுதியில் பாரிஸில் போரிஸ் எஃப்ருசியும் அவர் குழுவினரும் பார்த்தது இது: ஒரே ஈஸ்டைத் தட்டில் பரப்பினால் பெரிய காலனிகளுக்கு (ஒரு செல் பெருகி உண்டான கூட்டங்கள்) நடுவில் அங்கங்கே சின்னக் காலனிகள். சின்னதை எடுத்து மறுபடி பரப்பினால் எல்லாமே சின்னது. அக்ரிஃப்ளேவின் சாயம் சேர்த்தால் ஏறக்குறைய மொத்தமும் சின்னதாகிவிடும். சாதாரண மரபணு மாற்றம் இந்த வேகத்தில் வராது. உட்கருவுக்கு வெளியே ஏதோ ஒன்று பரம்பரையாகப் போகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தபோது மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ என்ற பேச்சே கிடையாது.

ஏன் சின்னது? ஈஸ்ட் முதலில் குளுக்கோஸை நொதித்து எத்தனாலாக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் அந்த எத்தனாலையே சுவாசித்துச் சாப்பிட்டு இன்னும் வளரும். பெட்டீட்டுக்கு இரண்டாவது பந்தி கிடையாது. டிஎன்ஏ முழுதாக இருந்தால் ரோ பிளஸ். ஒரு துண்டு மட்டும் மிஞ்சி, அந்தத் துண்டே திரும்பத் திரும்பப் பெருகி இடத்தை நிரப்பியிருந்தால் ரோ மைனஸ். துடைத்து எடுத்தாற்போல் ஒன்றுமே இல்லையென்றால் ரோ ஜீரோ. ரோ மைனஸும் ரோ ஜீரோவும் பெட்டீட்தான்.

8. என் தட்டு முழுக்க சிவப்புக் காலனி, நடுவுல சில வெள்ளை. மாசுபட்டுடுச்சா அக்கா?

தட்டைக் குப்பையில் போடாதீர்கள். உங்கள் ஈஸ்டில் ஏடிஇ2 மரபணு கெட்டிருக்கும். அடினின் (டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான ஏ) தயாரிப்பு பாதியில் நின்று, தேங்கும் பொருள் சிவப்பு நிறமியாகும். அந்த நிறம் ஏற சுவாசம் நடந்தாக வேண்டும். பெட்டீட் சுவாசிக்காது, அதனால் வெளுத்தே நிற்கும். குச்சியால் வெள்ளையைத் தொட்டு குளுக்கோஸ் தட்டில் ஒரு கோடு, கிளிசரால் தட்டில் ஒரு கோடு போடுங்கள். முதலாவதில் வளர்ந்து இரண்டாவதில் வளராவிட்டால் பெட்டீட். இரண்டிலும் வளர்ந்தால் வேறு கதை.

தானாகவே பெட்டீட் ஆவது ஈஸ்டுக்குச் சாதாரணம். ஆய்வக வகைகள் பலவற்றில் நூறில் ஒன்று என்ற கணக்கு, சிலவற்றில் இன்னும் அதிகம். உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்288சி வகைதான் இதில் பேர்போனது. அதன் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவை நகலெடுக்கும் மிப்1 நொதியில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். நானே ஒருமுறை குளுக்கோஸ் தட்டிலிருந்து குளுக்கோஸ் தட்டுக்கு என்று ஐந்து மாதம் ஒரு ஈஸ்டை ஓட்டி, கடைசியில் சுவாச அளவீடு எடுக்கும் நாளில் கருவியின் கோடு அசையவே இல்லை. கருவியைத் திட்டிக்கொண்டு இரண்டு நாள் போனது. கிளிசரால் தட்டில் போட்டுப் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

9. ரோ ஜீரோன்னா மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத செல்லுன்னு அர்த்தமா?

தேர்வில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. டிஎன்ஏ இல்லாமல் ஈஸ்ட் வாழும், மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் வாழாது. ரோ ஜீரோவிலும் குழாய்கள் உண்டு, உள்சவ்வு உண்டு, இறக்குமதி உண்டு. உள்சவ்வு மடிப்புகள் மட்டும் சீர்குலைந்திருக்கும். கேள்வி 5-இல் சொன்ன கணக்கைப் பாருங்கள். எட்டு போனாலும் மற்ற நூற்றுக்கணக்கானவை வெளியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவை விடவே முடியாததற்கு முக்கியக் காரணம் ஏடிபி அல்ல, அதை நொதித்தல் பார்த்துக்கொள்ளும். இரும்பு–கந்தகக் கொத்துகள் என்ற சின்னப் பாகங்கள் அங்கேதான் தயாராகத் தொடங்குகின்றன. உட்கருவில் டிஎன்ஏவை நகலெடுக்கும், பழுது பார்க்கும் நொதிகளுக்கே அந்தப் பாகம் தேவை. இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக வெறுமையிலிருந்து செய்ய எந்தச் செல்லுக்கும் வழி தெரியாது. இருப்பதிலிருந்துதான் வளர்க்க முடியும். உறைமோர் இல்லாமல் தயிர் வராது.

10. சுவாசமே நடக்கலைன்னா உள்சவ்வுல மின்னழுத்தம் ஏது? மின்னழுத்தம் இல்லாம இறக்குமதி நடக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

வகுப்பில் சொன்னேன்: வெளியே தயாரான புரதங்கள் உள்ளே இறக்குமதியாக உள்சவ்வில் மின்னழுத்தம் வேண்டும். இரண்டும் உண்மை. வழக்கமாகச் சுவாசச் சங்கிலி புரோட்டான்களை வெளியே தள்ளி அழுத்தத்தை உண்டாக்கும். ரோ ஜீரோவில் அது இல்லை. அங்கே ஏடிபி இயந்திரத்தின் எஃப்1 தலைப்பகுதி மட்டும் இருக்கும், ஏனென்றால் அதன் பாகங்கள் உட்கருவிலிருந்து வருபவை. நொதித்தலில் கிடைத்த ஏடிபி (அது ஒரு டிரைபாஸ்பேட்) உள்ளே வரும், எஃப்1 இயந்திரத்தை எதிர்த்திசையில் ஓட்டுவது போல அதை உடைத்து டைபாஸ்பேட்டாக்கும், அந்த டைபாஸ்பேட் வெளியே போகும். உள்ளே வரும் டிரைபாஸ்பேட்டுக்கு நான்கு எதிர்மின்சுமை, வெளியே போவதற்கு மூன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே ஒரு எதிர்மின்சுமை மிச்சம். அந்தச் சில்லறையைச் சேர்த்தே குடும்பம் ஓடுகிறது.

எல்லா ஈஸ்டுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. க்ளூய்வெரோமைசஸ் லாக்டிஸ், ஸ்கைசோசாக்கரோமைசஸ் பாம்பே போன்றவை மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவை இழந்தால் செத்துப்போகும். அந்த லாக்டிஸிலேயே எஃப்1 பாகங்களில் குறிப்பிட்ட மாற்றம் வந்தவை மட்டும் பிழைத்துக்கொள்கின்றன. மேலே சொன்ன விளக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

11. மொட்டுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா எப்படிப் போகுது? தானா மிதந்து போகுமா?

இழுத்துக்கொண்டு போகிறார்கள். மொட்டிலிருந்து தாய்ச் செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதத்தாலான கயிறுகள் நீண்டிருக்கும். அதன் மேல் மையோ2 என்ற மையோசின் சுமைதூக்கி அடி எடுத்து வைத்து நடக்கும். மையோ2 உட்கருவைத் திருப்புவது உட்பட வேறு பல சுமைகளும் தூக்கும் ஆள். எனவே மைட்டோகாண்ட்ரியாவை அதன் முதுகில் ஏற்ற எம்எம்ஆர்1, ஒய்பிடி11 என்று இரண்டு கொக்கிகள். ஒன்று போனால் செல் சமாளிக்கும். இரண்டும் போனால் மொட்டுக்கு மைட்டோகாண்ட்ரியா போவது பெரிதும் தடைபட்டு, செல் கடுமையாக நலிந்துவிடும். ஏன் என்று கேள்வி 9 படித்தவர்களுக்குத் தெரியும்.

நரம்புச் செல் பாடம் படித்துவிட்டு மைக்ரோட்யூபூல் (இன்னொரு வகைப் புரதக் குழாய்) என்று எழுதிவிடாதீர்கள். இந்த ஈஸ்டில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ரோடு ஆக்டின்தான். பாம்பே ஈஸ்டில் மைக்ரோட்யூபூல்.

12. எல்லாத்தையும் மொட்டு இழுத்துக்கிட்டா தாய் என்ன பண்ணும்?

தாய்க்கும் ஒரு நங்கூரம் இருக்கிறது. நம்1 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஓரச் சவ்வோடு கட்டிவைக்கும். மொட்டுக்கு எதிர்முனையில் எம்எஃப்பி1 என்ற இன்னொன்றும் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் இழுப்பு, ஒரு பக்கம் பிடிப்பு. படத்தில் பார்த்தால் ஒரே குழாயின் ஒரு நுனி மொட்டுக்குள்ளும் மறுநுனி தாயின் கோடியிலுமாக, நடுக்கழுத்தில் நூலாக இழுபட்டு நிற்கும்.

பங்கு எவ்வளவு என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2012-இல் வந்த ஓர் ஆய்வின்படி மொட்டு தன் உடலளவுக்கு ஏற்ற மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்த்துக்கொண்டே பிரிகிறது. விட்டுக்கொடுப்பது தாய்தான். வயதாக ஆகத் தாயின் கையிருப்பு அதன் உடலளவோடு ஒப்பிட்டால் குறைந்துகொண்டு வருகிறது. ஒரு தாய்ச் செல் ஆயுளில் சராசரியாக 25 மொட்டு அளவுக்கு விடும்.

13. குழாய் போனா சரி. அதுக்குள்ள டிஎன்ஏ போச்சான்னு யார் பார்க்குறது? உட்கருவுக்கு ஸ்பிண்டில் இருக்கு, இதுக்கு?

உட்கருவின் டிஎன்ஏவைச் சமமாக இழுத்துப் பிரிக்கும் ஸ்பிண்டில் இதற்குக் கிடையாது, எண்ணிப் பிரிப்பதும் கிடையாது. குழாய் நெடுக இடைவெளி விட்டு நியூக்ளியாய்டுகள் பரவிக் கிடப்பதே பாதிப் பாதுகாப்பு. எந்தத் துண்டு மொட்டுக்குள் போனாலும் அதில் சில இருக்கும். நிலாச்சோறு உருட்டும்போது கூட்டாஞ்சோற்றில் காய் சமமாகக் கலந்திருந்தால் எந்த உருண்டையிலும் காய் வருகிற மாதிரி.

மீதிப் பாதி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் கையில். அது மைட்டோகாண்ட்ரியாவை அங்கங்கே தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடுபுள்ளியைக் கட்டும் நான்கு புரதக் கூட்டுக்கு எர்மெஸ் என்று 2009-இல் பெயர் வைத்தார்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் நியூக்ளியாய்டுகள் இந்தப் புள்ளிகளுக்கு அருகில் உட்காரும். குழாய் அறுவதும் பெரும்பாலும் ரெட்டிகுலம் சுற்றிய இடத்தில்தான். அப்படி அறும்போது நியூக்ளியாய்டுகள் இரண்டு புது நுனிகளுக்கும் பிரிந்து போவதை ஜோடி நன்னாரி குழு படமெடுத்திருக்கிறது. (சர்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அமெரிக்க விஞ்ஞானி.) எர்மெஸ் பாகம் ஒன்று போனால் குழாய் ஊதிப் பந்தாகும், டிஎன்ஏவும் நிலைக்காது. கேள்வி 4-இல் சொன்னதுதான், வேறு வாசல் வழியாக.

14. மனுஷங்களுக்கு மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான். ஈஸ்ட்டுக்கும் அப்படியா?

இல்லை. ஈஸ்டில் ஏ, ஆல்ஃபா என்று இரண்டு இணைவகைகள். இரண்டும் ஒரே அளவு, முட்டை–விந்து வேறுபாடு இல்லை. இணையும்போது இரண்டு பேரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவருவார்கள். அப்படி இணைந்து உண்டான செல்லுக்கு சைகோட் என்று பெயர், அது நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடற்பயிற்சிக் குண்டு போலிருக்கும். இரு பக்கத்துக் குழாய்களும் சீக்கிரமே ஒட்டிவிடும். ஒரு பக்கத்துப் புரதத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்குப் பச்சை ஒளி கொடுத்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கலந்துவிடும். டிஎன்ஏ மட்டும் அவ்வளவு சுலபமாகக் கலக்காது, பெரும்பாலும் வந்த பக்கத்திலேயே நிற்கும்.

அதனால் மொட்டு எங்கே முளைக்கிறது என்பது முக்கியமாகிறது. ஓர் ஓரத்தில் முளைத்தால் அந்த ஓரத்துப் பெற்றோரின் டிஎன்ஏ அதிகம். நடு இடுப்பில் முளைத்தால் இரண்டும் வரும், இரண்டும் வெட்டி ஒட்டிய கலப்பு டிஎன்ஏவும் வரும். மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ இவ்வளவு தாராளமாக மறுசேர்க்கை (இப்படி வெட்டி ஒட்டிக் கலப்பது) செய்வது ஈஸ்டின் முக்கியமான குணம்.

15. ரெண்டு வகை கலந்து ஆரம்பிச்சாலும் கொஞ்ச தலைமுறையில ஒண்ணுதான் மிஞ்சுதாமே? அது ஏன்?

20 தலைமுறை போவதற்குள் பெரும்பாலான செல்களில் ஒரே வகைதான் இருக்கும். காரணத்தில் பெரும்பங்கு குலுக்கல். ஒவ்வொரு மொட்டுக்கும் கொஞ்சம் காப்பிகளே போகின்றன, போனவற்றிலும் எது எத்தனை முறை நகலாகும் என்று கண்டிப்பு இல்லை. சின்னக் கூட்டத்தில் குலுக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

ஆனால் முழுக்கக் குலுக்கல் இல்லை. 2021-இல் மியூனிக்கிலிருந்து வந்த ஆய்வில் நல்ல டிஎன்ஏவும் கெட்ட டிஎன்ஏவும் கலந்த செல்களின் சந்ததியைத் தொடர்ந்து பார்த்தபோது நல்லதன் கை ஓங்கியது. உள்சவ்வின் மடிப்புகளான கிரிஸ்டேயைக் குலைத்தால் அந்தச் சாய்வு போய்விட்டது. ஒரு டிஎன்ஏ தரும் புரதம் அதன் பக்கத்து மடிப்பிலேயே தங்குவதால், எந்த டிஎன்ஏ நல்லது என்று அந்த இடத்தின் வேலைத்திறனை வைத்தே அடையாளம் காண முடிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எல்லாம் கலந்துவிட்டால் சோம்பேறி யார், உழைப்பவர் யார் என்று தெரியாதே.

16. அப்போ பெட்டீட்டை நல்ல ஈஸ்டோட சேர்த்தா குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்குமா?

ரோ ஜீரோவோடு சேர்த்தால் ஆமாம். அந்தப் பக்கம் கொண்டுவர ஒன்றுமில்லை. சேர்ந்து பிறந்த செல் தரும் நான்கு வித்துகளைப் பிரித்தால் நான்குக்கு நான்கும் கிளிசராலில் வளரும். உட்கரு மரபணு கெட்டு சுவாசம் போனதென்றால் நான்கில் இரண்டு வளரும், இரண்டு வளராது. மெண்டல் கணக்கா (உட்கரு மரபணு போல பாதிக்குப் பாதி) இல்லையா என்று இப்படித்தான் பிரித்தறிகிறோம்.

ரோ மைனஸில் கொஞ்சம் ஜாக்கிரதை. சில ரோ மைனஸ்கள் நல்லதை அமுக்கிவிடும். மிக மோசமானவற்றோடு சேர்த்தால் பிறப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே பெட்டீட். அந்த ரவுடித் துண்டைப் படித்துப் பார்த்தால் நகலெடுப்பைத் தொடங்கும் 'ஓரி' பகுதி ஒன்று இருக்கும், கூடவே பெரிதாக ஒன்றும் இருக்காது. குட்டித் துண்டு, துண்டுக்குத் துண்டு தொடக்கப்புள்ளி. 85,000 எழுத்தைச் சுமக்கும் நல்ல டிஎன்ஏவை இது எண்ணிக்கையிலேயே முந்திவிடும். கேள்வி 15-இல் நல்லது ஜெயித்தது, இங்கே கெட்டது ஜெயிக்கிறது. இரண்டும் ஒரே ஈஸ்ட்.

17. மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ வட்டம்னு எழுதினா மார்க் கிடைக்குமா?

கிடைக்கும். மரபு வரைபடம் வட்டமாகத்தான் வரும். செல்லிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஈஸ்டில் பெரும்பகுதி நேராக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் கோத்த நீளத் துண்டுகள். வட்டங்கள் கொஞ்சம்தான்.

18. பெட்டீட் ஆன ஈஸ்டை மறுபடி நல்லதாக்க முடியுமா? என் பிராஜெக்டே அதுலதான் இருக்கு.

தானாகத் திரும்பாது. இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, உட்கருக்கள் இணையவிடாமல் தடுக்கும் கேஏஆர்1 மாற்றம் உள்ள ரோ பிளஸ் ஈஸ்டோடு சேர்ப்பது. செல்கள் கலக்கும், மைட்டோகாண்ட்ரியா மாறும், உட்கருக்கள் தனித்தே நின்று பிரிந்துவிடும். உங்கள் உட்கருவும் அடுத்தவர் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவும் கொண்ட செல்லைப் பொறுக்கி எடுக்கலாம். மற்றது, டிஎன்ஏ பூசிய நுண் உலோகத் துகள்களைத் துப்பாக்கி போல் சுட்டு உள்ளே செலுத்துவது, 1988 முதல் நடக்கிறது. நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்துக்கு முதலாவதே தோது.

அதற்கு முன் உறைநிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மைனஸ் 80-இல் கிளிசரால் கலந்து யாராவது பழைய குப்பி வைத்திருப்பார்கள். அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி நேராகக் கிளிசரால் தட்டில் கோடு போடுங்கள். மூன்றாம் நாள் எந்தக் காலனி வந்திருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். குப்பியின் மேல் தேதியை அழியாத பேனாவில் எழுதுங்கள்.